சேற்றில் ஓடிய மிதிவண்டி

தமிழ்நாட்டு வீடுகளில் மிதிவண்டியை முழுமையாகக் கழுவித் துடைப்பதற்கென்று வழக்கத்தில் நிலைத்துவிட்ட நாள் ஆயுத பூசை. அன்று காலையில் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தேய்க்கப்பட்டு, மட்கார்டு மின்னும்படி துடைக்கப்பட்டு, ஹேண்டில்பாருக்கு மாலையும் சந்தனப் பொட்டும் ஏறுகின்றன. புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் அந்த நாள் முடிந்து சில வாரங்களுக்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டும் அந்த மூன்று மாதங்களில் மிதிவண்டி நாள்தோறும் சேற்றிலும் தேங்கிய நீரிலும் ஓடினாலும், அதை மறுபடி துடைப்பதற்கு அடுத்த ஆயுத பூசை வரை பெரும்பாலும் எவரும் முனைவதில்லை. பராமரிப்பு நோக்கில் பார்த்தால், ஆண்டின் பெரிய துப்புரவு மழைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தேவையோ மழையோடுதான் தொடங்குகிறது.

இதற்குப் பின்னால் வேறொரு குழப்பமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குவதையே துப்புரவு என்று கொள்ளும்போது, வண்ணம் பூசிய சட்டகமும் முலாம் பூசிய ஹேண்டில்பாரும் கவனத்தை முழுவதும் இழுத்துக்கொள்கின்றன; ஆனால், சட்டகத்தில் சேறு அப்பியிருப்பதால் மட்டும் வண்டியின் ஓட்டம் கெடுவதில்லை. தேய்மானம் நிகழும் இடங்கள் செயினின் கண்ணிகளுக்குள்ளும், அச்சைச் சுற்றி உருளும் பால்ரஸ் குண்டுகளிலும், பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் பரப்பிலும், பிரேக் ஒயர் ஓடும் உறைக்குள்ளும் மறைந்திருக்கின்றன. அந்த இடங்களின் ஆயுளை, எவ்வளவு தண்ணீர் ஊற்றப்பட்டது என்பதைவிட, ஊற்றிய தண்ணீர் எவ்வளவு விரைவாக வெளியேற்றப்பட்டது என்பதும் அதன் பிறகு எண்ணெய் எங்கே இடப்பட்டது என்பதுமே முடிவு செய்கின்றன. கழுவாமல் துடைத்து எண்ணெயிட்ட வண்டி ஓடும். கழுவிவிட்டு அப்படியே நிறுத்திய வண்டி துருப்பிடிக்கும்.

சேறு எல்லா ஊரிலும் ஒரே பொருள் அன்று. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து மண்ணை உப்பச் செய்வதால், நனைந்த கரிசல் டயரைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற மண் படலம் படலமாக ஏறி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள விரற்கடை இடைவெளி அடைபட்டு, இறுதியில் சக்கரம் சுற்ற மறுத்து நின்றுவிடும். குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்த பிறகே வண்டி நகரும். காவிரிக் கழிமுகத்தின் வண்டல் இத்தனை பிடிவாதம் காட்டுவதில்லை என்றாலும், குழைந்த நிலையில் எந்த இடுக்கிலும் நீரோடு சேர்ந்து நுழைந்துவிடுகிறது. செம்மண் பாதையிலும் கடலோரச் சாலையிலும் மணலின் பங்கு கூடுதல். பார்வைக்கு அவ்வளவு அழுக்காகத் தோன்றாத இந்த மணற்சேறுதான் இயந்திரத்துக்குப் பெருங்கேடு செய்வது.

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கத்தி அலகின் எஃகு ஏறத்தாழ 5.5, அலுமினியம் 3க்கும் கீழே. கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும் என்ற எளிய விதிப்படி, மணல் துகள் அலுமினிய ரிம்மை எளிதாகவும் எஃகுப் பாகங்களைச் சற்று மெதுவாகவும் அரைத்துத் தேய்க்கிறது. களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியதாதலால் அதன் அரைக்கும் ஆற்றல் குறைவு; ஆனால் அது நீரைப் பல நாட்கள் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆக, மணல் தேய்க்கிறது, களிமண் ஈரம் காக்கிறது. இரண்டும் கலந்த சேறு ஒரே நேரத்தில் தேய்மானத்தையும் துருவையும் வளர்க்கிறது.

துரு என்பது இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் சேர்மம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகித் துரு வேகம் பிடிக்கத் தொடங்குகிறது. பருவமழைக் காலத்தில் தமிழகக் கடலோரக் காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்குவது அரிது. எண்ணெய்ப் படலமோ வண்ணமோ முலாமோ இருக்குமிடத்தில் இரும்பை நீர் நெருங்க முடியாது. அதனால் துரு எப்போதும் அந்தக் காப்பு முறிந்த இடத்திலேயே, அதாவது கல் தெறித்து வண்ணம் உதிர்ந்த புள்ளியிலும், மட்கார்டின் மடித்த விளிம்பிலும், திருகாணிகளின் பற்களிலும், மழைநீர் எண்ணெயை அடித்துச் சென்ற செயினிலும் தொடங்குகிறது. மட்கார்டின் உட்புற விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால், வெளியே பளிச்சென்று இருக்கும் வண்டியிலும் அங்கே ஈர மண் ஒரு கோடாகத் தேங்கியிருப்பதைக் காணலாம்.

மிதிவண்டிச் செயினின் அமைப்பை அறிந்துகொண்டால், துப்புரவின் பாதி விளங்கிவிடும். இன்றும் புழக்கத்தில் உள்ள உருளைச் செயின் 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்தது. இரு தகடுகளை இணைக்கும் ஊசி, அந்த ஊசியைச் சூழ்ந்த சிறு குழல், அக்குழலின் மேல் தளர்வாகச் சுழலும் உருளை ஆகியவை ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளன. இத்தகைய கண்ணிகள் நூற்றுக்கும் மேல் கோக்கப்பட்டு ஒரு செயின் ஆகிறது. பல்சக்கரத்தின் மேல் செயின் வளையும்போதும் நிமிரும்போதும் ஊசி குழலுக்குள் திரும்புகிறது. எண்ணெய் தேவைப்படும் இடம் அதுதான். கண்ணுக்குத் தெரியும் வெளித்தகட்டின் மேல் எண்ணெய் இருந்தால் துருவைத் தடுக்குமேயன்றி ஓட்டத்துக்கு உதவாது. மழைநீர் அந்த இடுக்கிலிருந்து எண்ணெயை வெளியேற்றி, அதன் இடத்தில் நுண்மணலைக் கொண்டுபோய் வைக்கும்போது, ஒவ்வொரு மிதிக்கும் ஊசி சிறிது சிறிதாக அரைபடுகிறது. ஈரச் சாலையில் ஓட்டிய மறுநாள் காலையில் செயின் கீச்சிடும் ஒலி இந்த வறட்சியின் முதல் அறிகுறி.

சேற்றில் ஓடிய வண்டியை வீடு திரும்பியவுடனே, சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவுவது நல்லது. காய்ந்த பிறகு தட்டி உதிர்த்துவிடலாம் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு; கெட்டிப்பட்ட களிமண்ணைத் தட்டும்போது வண்ணமும் சேர்ந்து உரிகிறது, துணியால் தேய்த்தாலோ மணல் துகள் உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. ஈரச் சேற்றின் மேல் குவளையால் மேலிருந்து கீழாக மெல்ல நீர் வார்த்து, கையால் தொடாமலே பெரும்பகுதியைக் கரைந்தோடச் செய்த பின்பே துணியை எடுக்க வேண்டும். ஒரு வாளி நீர் ஒரு மிதிவண்டிக்குப் போதும். கூடுதல் நீர் கூடுதல் துப்புரவைத் தருவதில்லை. டயருக்குத் தேங்காய் நாரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; சட்டகத்தின் வண்ணத்தை அது கீறிவிடும் என்பதால் அங்கே பழைய பருத்தித் துணியே ஏற்றது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலிருந்து மாநிலம் முழுவதுமுள்ள பட்டறைகளுக்குச் செல்லும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு அளவெடுத்தது போன்ற பொருள்: மென்மையானது, நீரையும் எண்ணெயையும் உறிஞ்சுவது, அழுக்கானதும் கழித்துவிடக்கூடிய அளவுக்கு மலிவானது.

டயரைக் கழுவும் நேரம் முள்ளைத் தேடவும் உகந்த நேரம். நீர் ரப்பருக்கு வழுக்கல் ஊட்டுவதால் கண்ணாடிச் சில்லும் சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த டயரைவிட நனைந்த டயரில் எளிதாக ஏறுகின்றன. அவற்றுள் பல உடனே டியூபைத் தொடாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது உள்ளே நகர்ந்து, இரண்டொரு நாள் கழித்தே காற்றை இறக்குகின்றன. சேறு நீங்கிய டயரை மெதுவாகச் சுற்றி, ரப்பரில் கறுத்த புள்ளிபோலத் தெரியும் முள் முனையை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டால் பஞ்சர் ஒட்டும் வேலை மிச்சமாகும்.

தண்ணீரின் அளவைவிட அதன் அழுத்தம் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. இருசக்கர வாகனங்களுக்கு வாட்டர் வாஷ் செய்யும் நிலையத்தில் மிதிவண்டியையும் நிறுத்தி, அழுத்தக் குழாயால் பீய்ச்சி அடிக்கச் செய்வது இன்று பரவலாகிவருகிறது. சேறு ஒரு நிமிடத்தில் பறந்துவிடும் என்பது உண்மைதான். அதே அழுத்தம் சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில்பார் சுழலும் கழுத்து ஆகிய இடங்களிலுள்ள மெல்லிய மூடிகளைத் தாண்டி நீரையும் மண்ணையும் உள்ளே செலுத்திவிடுகிறது என்பதும் உண்மை. 2021 அக்டோபரில் மழையில் நடந்த பாரி–ரூபே மிதிவண்டிப் பந்தயத்தில் வீரர்கள் முகம் தெரியாத அளவுக்குச் சேறு பூசிக்கொண்டு வந்த படங்களைப் பார்த்தவர்கள், அத்தகைய அணிகளின் வண்டிகள் அழுத்தக் குழாயால்தானே கழுவப்படுகின்றன என்று கேட்கலாம். அங்கே கழுவிய மெக்கானிக்கே தேவைப்படும்போது அச்சுகளைப் பிரித்து, புது கிரீஸ் வைத்து, செயினையும் மாற்றிவிடுகிறார். சேற்றிலேயே நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் வீரர் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மற்றொரு வண்டி கழுவி ஆயத்தமாக வைக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறைகூட அச்சு பிரிக்கப்படாத வீட்டு வண்டிக்கு அந்த முறையின் முதற்பாதியை மட்டும் கடன் வாங்குவது கேட்டையே தரும்.

அச்சுக்குள் நீர் புகுந்தால் என்ன ஆகிறது என்பதைப் பட்டறையில் பிரித்துப் பார்க்கும்போது தெளிவாகக் காணலாம். நல்ல கிரீஸ் பழுப்பாகவோ செம்மையாகவோ வழவழப்பாக இருக்கும். நீர் கலந்த கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்து, இளகி, குண்டுகளின் மேல் நிற்காமல் ஒதுங்கிவிடும். பிறகு குண்டுகளின் கண்ணாடிப் பரப்பில் ஊசிமுனை அளவுள்ள குழிகள் தோன்றுகின்றன. அந்தக் குழிகள் கோனையும் கப்பையும், அதாவது குண்டுகள் உருளும் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும், சொரசொரப்பாக்குகின்றன. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் சுற்றும்போது மணலை மெல்லும் உணர்வு விரலுக்குத் தெரிந்தால், இந்தக் கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். வெளியிலிருந்து எண்ணெய் விட்டு இதைச் சரிசெய்ய இயலாது. எஞ்சியிருக்கும் கிரீஸையும் எண்ணெய் கரைத்துவிடும்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டின் மேலும் ஹேண்டில்பாரின் மேலும் நிறுத்திக் கழுவும் பழக்கத்திலும் இதே இடர் உள்ளது. செயினைத் துடைக்கவும் எண்ணெயிடவும் அந்த நிலை வசதியானது. ஆனால் நிமிர்ந்திருக்கும்போது நீர் வழிந்தோட அமைக்கப்பட்ட துளைகளும் மூடிகளும் கவிழ்ந்த நிலையில் நீரை உள்வாங்கும் வாய்களாகிவிடுகின்றன. நீர் ஊற்றும் வேலை முழுவதும் வண்டி ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். பல சட்டகங்களில் பெடல் அச்சின் அடிப்புறத்தில் சிறு வடிதுளை ஒன்று இருக்கும். அதைச் சேறு அடைத்திருந்தால் சட்டகக் குழாய்க்குள் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்னத் தொடங்கும். மெல்லிய கம்பியால் அத்துளையைக் குத்தித் திறப்பது கணப்பொழுது வேலை.

சட்டகத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள் போதும். சலவை சோடா போன்ற காரப் பொருள்கள் அலுமினியத்தை அரிப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். துரு ஏறிய முலாமுக்குப் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது வீட்டுக் கைவைத்தியமாக இருந்துவருகிறது. ஹேண்டில்பாரில் அதனால் பெருந்தீங்கில்லை. செயினை மட்டும் அமிலத்தில் ஊறவைக்கக் கூடாது. கடினப்படுத்திய எஃகு அமிலத்தைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. துரு நீங்கிப் புதிதுபோல் தோன்றும் செயின் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது அறுந்துபோக இது காரணமாகலாம்.

செயினுக்கு உரிய துணியும் தூரிகையும் தனியாக இருக்க வேண்டும். செயின் எண்ணெய் பட்ட துணி ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது. பழைய பல் துலக்கும் தூரிகையால் கண்ணிகளின் பக்கவாட்டில் தேய்த்து மண்ணை நீக்கிய பின், துணியால் செயினின் கீழ்ப்பகுதியைப் பற்றிக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் முழுவதும் துணிக்குள் ஓடித் துடைபடும். பின்னோக்கிச் சுற்றுவது பாதுகாப்புக்காக: முன்னோக்கிச் சுற்றினால் பின்சக்கரமும் சேர்ந்து வேகம் பிடித்து, துணியையும் அதைப் பிடித்திருக்கும் விரலையும் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே இழுத்துவிடும். பிசுக்கு அதிகமானால் பட்டறைகளில் மண்ணெண்ணெய் பயன்படுத்துகிறார்கள். அது கிரீஸை நன்றாகவே கரைக்கும். அதனாலேயே அதைச் செயினோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்சக்கரப் பல்சக்கரமான பிரீவீலுக்குள்ளோ அச்சுக்குள்ளோ வழிந்தால் அங்குள்ள கிரீஸையும் கரைத்துவிடும், டயரில் பட்டால் ரப்பரை உப்பவைத்துத் தளர்த்திவிடும். மண்ணெண்ணெயில் கழுவிய செயின் முற்றிலும் காயாமல் எண்ணெயிட்டால் புது எண்ணெயும் நீர்த்துப்போகும்.

இதற்குப் பிறகு வருவதே இந்த வேலையின் மையம். பெரும்பாலோர் கைவிட்டுவிடுவதும் இதைத்தான். வண்டியை இருமுறை தரையில் மெல்லத் தட்டி நிறுத்தினால் இடுக்குகளில் தங்கிய நீர் சொட்டும். பிறகு காய்ந்த துணியால் செயினையும், ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மில் நுழையும் இடங்களையும், திருகாணித் தலைகளையும், சீட்டின் அடியிலுள்ள சுருள்வில்லையும் ஒற்றியெடுக்க வேண்டும். வெயில் இருந்தால் அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தலாம். அடைமழைக் காலத்தில் மின்விசிறிக் காற்று அந்த வேலையைச் செய்துவிடும். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் மிக்கது. அது உலர்ந்த இடத்தில் வெண்படிவு நிற்பதோடு துருவையும் தூண்டுகிறது. மழைக்காலத்தில் ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து பிடித்த மழைநீரைக் கடைசிக் குவளைக்கு வைத்துக்கொள்வது செலவில்லாத நல்ல ஏற்பாடு.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் ஒரு விடை வைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே மிகுதி என்பதால் அது காற்றுபட்டு எளிதில் பிசினாவதில்லை. ஆனால் சமவெளி வெப்பத்தில் மிகவும் நீர்த்து ஒரே மழையில் கழுவப்பட்டுவிடுகிறது, ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்குவதால் உதகையின் குளிரில் கண்ணிகளுக்குள்ளேயே கட்டிபட்டு நிற்கிறது. நல்லெண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நாளடைவில் பிசுபிசுத்து மண்ணை அழைக்கிறது. விளக்கெண்ணெய் வரலாறு உடையது: வைக்கோல் கரியோடு குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் பூசப்பட்டது, முதல் உலகப்போர்க் கால விமான எஞ்சின்களுக்கும் ஊற்றப்பட்டது. உலோகத்தை விடாது பற்றும் அதன் இயல்பு உயர்ந்ததே. ஆனால் செயினின் நுண்ணிடுக்குக்குள் நுழைய முடியாத அளவுக்கு அது தடித்தது. தையல் இயந்திர எண்ணெய் இதற்கு நேர்மாறு: உடனே உட்புகும், மழையில் நிலைக்காது. கீச்சிடும் செயினுக்குப் பெரும்பாலோர் பீய்ச்சும் டபிள்யூ.டி.–40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நீரை இடம்பெயர்ப்பதற்காக உருவாக்கப்பட்ட கலவை; நாற்பதாம் முயற்சி வென்றதால் அந்த எண். அது ஈரத்தை வெளியேற்றும் வேலையைச் செம்மையாகச் செய்யும், ஆனால் அதன் மெல்லிய படலம் எண்ணெய்க்கு மாற்றாகாது. அதைத் தெளித்துத் துடைத்தபின் எண்ணெயிட்டாக வேண்டும்.

மழைக்கால மிதிவண்டிக்கென்றே விற்கப்படும் தடித்த செயின் எண்ணெய் கிடைக்கும் ஊரில் அதையே வாங்கலாம். கிடைக்காத ஊரில், குறிப்பாக முழுச் செயின் கவர் உள்ள பழைய மாதிரிக் கறுப்பு வண்டிக்கு, பெட்ரோல் பங்கில் விற்கும் புது எஞ்சின் ஆயிலே போதுமானது. விலை குறைவு, மழையில் நிலைப்பு அதிகம். வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஆயிலைச் சில பட்டறைகள் இன்றும் இலவசமாக விட்டுத் தருகின்றன. அதில் எஞ்சினின் உலோகத் தூளும் எரிபொருள் எச்சங்களும் கலந்திருக்கின்றன; தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய சேர்மங்களும் அதில் உண்டு. இலவசம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை.

எண்ணெயை ஊற்றுவதும் தவறு, செயின் முழுவதும் பூசுவதும் தவறு. செயினின் கீழ்ப்பகுதியில், பல்லைத் தொடும் உட்புறத்தில், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டுக்கொண்டே பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். வேறுபட்ட நிறமுள்ள இணைப்புக் கண்ணியையோ சாக்பீசால் இட்ட குறியையோ தொடக்கமாகக் கொண்டால் ஒரு சுற்று முடிந்தது தெரிந்துவிடும். ஐந்தாறு நிமிடம் ஊறவிட்டு, பிறகு வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்; தொட்ட விரலில் இலேசாக மினுக்கும் அளவுக்கே வெளியில் எண்ணெய் நிற்கலாம். சொட்டும் அளவுக்கு எண்ணெய் விட்ட செயின் மறுநாள் மாலைக்குள் கறுத்த களிம்பு பூசியதுபோல் ஆவது, மிகுந்த எண்ணெய் மண்ணைத் திரட்டிக்கொள்வதால்தான். பிரீவீலின் உள்ளே பற்களில் மாட்டிப் பின்சக்கரத்தை இழுக்கும் சிறு நாக்குகள் இருக்கின்றன. பெடலை நிறுத்தியதும் டிக் டிக் என்று ஒலிப்பவை அவையே. அங்கே மெல்லிய எண்ணெய் இரண்டொரு சொட்டு மட்டும் போதும். கிரீஸ் வைத்தால் நாக்குகள் ஒட்டிக்கொண்டு, பெடல் இருபக்கமும் வெறுமனே சுற்றத் தொடங்கும். பிரேக் ஒயர் உறைக்குள் நுழையும் வாயிலும் ஒரு சொட்டு விட்டு, லீவரைச் சிலமுறை அழுத்தி விடுவிப்பது ஒயர் இறுகிப்போவதைத் தடுக்கும்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த கறுப்பு வண்டியின் வடிவமைப்பு மழைமிக்க பிரிட்டனிலிருந்து வந்தது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே. அகன்ற மட்கார்டும், செயினை முழுதும் மூடும் கவரும், ரிம்மின் உட்புறத்தைப் பற்றும் ராடு பிரேக்கும் அவ்வடிவின் கூறுகள். செயின் கவர் இருப்பதால் அந்தச் செயின் திறந்த செயினைவிடப் பல மடங்கு நாள் தாங்குகிறது. ஆனால் கவரின் அடிப்பகுதியில் சேரும் ஈரமண்ணை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி அள்ள வேண்டும். குரோமியம் பூசிய எஃகு ரிம்மின் பெருங்குறை, நனைந்தால் பிரேக் பிடிக்க நெடுநேரமாவது. அலுமினிய ரிம் இதில் மேலானது என்றாலும், மணல் துகள்கள் பிரேக் கட்டையில் பதிந்து ரிம்மை உழுதுவிடுகின்றன. மழையில் ரிம்மிலிருந்து வழியும் சாம்பல்நிறச் சாறு பெரும்பாலும் அரைபட்ட அலுமினியமே. கழுவும்போது பிரேக் கட்டையின் முகத்தைப் பார்த்து, பதிந்த மணலையும் உலோகச் செதிலையும் ஊசிமுனையால் எடுத்துவிட வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தட்டின் மேல் எண்ணெய்த் திவலைகூடப் படலாகாது. பட்டுவிட்டால் தூய ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம், பிரேக் பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் பெரும்பாலும் மாற்றவே நேரும்.

கடற்கரை ஊர்களில் இந்த முறைகளோடு உப்பின் கணக்கும் சேர்கிறது. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்த ஈரத்தைத் தானே இழுத்துக் கரைந்து உப்புக்கரைசலாகிவிடுகிறது. மழையில் நனையாத, சேறே படாத வண்டிகூட இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் துருப்பிடிப்பது இதனால்தான். அங்கே நல்ல நீர் நனைத்துப் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைப்பதும், திருகாணிகளின் மேல் எண்ணெய்த் துணியை ஓட்டுவதும் இன்றியமையாதவை. பிளாஸ்டிக் தாளால் வண்டியை இறுக மூடிவைப்பது உதவாது. இரவில் உட்புறத்தில் பனித்துளி கட்டி வண்டியை உள்ளிருந்தே நனைக்கும். சாக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடாது. கூரையும் காற்றோட்டமும் உள்ள திண்ணை இரண்டையும்விட நல்லது. பள்ளி வளாகத்தில் மரத்தடியில் வரிசையாக நனையும் விலையில்லா மிதிவண்டிகளுக்கு ஒரு தகரக் கூரை அமைத்தால், அவற்றின் ஆயுளுக்கு எந்த எண்ணெயையும்விட அது கூடுதல் பயன் தரும்.

இவ்வளவும் செய்தாலும் செயின் தேயும். எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பள்ளிக்கூட அளவுகோல் கொண்டே அறியலாம். புதுச் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே சரியாக அரை அங்குலம். எனவே 24 கண்ணிகள் 12 அங்குலம் அளக்க வேண்டும். இருபத்துநான்காம் கண்ணி முடியும் ஊசியின் நடுப்புள்ளி 12 அங்குலக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் கியர் வண்டியில் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் கியர் இல்லாத வண்டியிலும் மாற்ற வேண்டும். தகடுகள் நீண்டுவிடுவதில்லை, ஒவ்வோர் ஊசியும் குழலும் சிறிது தேய்ந்ததன் கூட்டுத்தொகைதான் அந்த நீளம். இதைத் தள்ளிப்போட்டால் நீண்ட செயின் பிரீவீலின் பற்களையும் கூர்மையாக்கிவிடும். அதன்பின் புதுச் செயின் போட்டாலும் பல்லில் நிற்காமல் துள்ளும்.

அச்சுகளைப் பிரித்து, கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டும் வேலையைப் பட்டறைகளில் ஓவராயில் என்பார்கள். அதைப் பலர் ஆயுத பூசைக்கு முந்தைய வாரத்தில் செய்துகொள்கிறார்கள். பொங்கலுக்குப் பின், மழைநீர் உள்ளே புகுந்த காலம் முடிந்ததும் செய்வதே பொருத்தம். பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலக் குண்டுகளும், முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்தாக அதனினும் சிறிய குண்டுகளும் இருப்பது வழக்கம். குழி விழுந்த குண்டு ஒன்றைக் கண்டால் அதை மட்டும் மாற்றாமல் அந்தப் பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்றும்படி கேட்க வேண்டும். பழைய குண்டுகள் சிறிது தேய்ந்திருப்பதால், புதிய குண்டு ஒன்று நடுவே புகுந்தால் சுமை முழுவதும் அதன் மேலேயே விழும்.